பாப்பானவர் பங்குப் பாட்டு

என் அம்மாவோடு பிறந்த பெண்களில் கடைக்குட்டி ரோசம்மாள். எனக்குச் சின்னம்மா. பாலக்கரையில், கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் வீடு. அவளுக்கு ஒரே மகன், ஸ்தனிஸ்லாஸ். ஞானஸ்நானம் கொடுத்த வெள்ளைக்காரச் சாமியார் வைத்த பெயர் அது. முழுசாகச் சொல்ல எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நாக்கு வளையவில்லை. தனிஸ் என்று கூப்பிட்டோம்.

தனிஸ் பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே பாதிதான் கேட்கும். குழம்பில் உப்பு இல்லை என்றால் தட்டைப் பார்த்துத்தான் சொல்வான். அப்படிப்பட்டவனுக்குக் கிடைத்த வேலை ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். மூட்டை வரவில்லை, கூடை நசுங்கிவிட்டது, மாம்பழம் அழுகிவிட்டது என்று திருச்சி ஜில்லாவே வந்து அவன் முகத்துக்கு நேரே கத்திவிட்டுப் போகும். இவன் "பாக்குறேன் சார்" என்பான். அவ்வளவுதான். பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் "பையன் ஊமையா?" என்று தரகரிடம் தனியாகக் கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

அதே ஆபீசில் அவனுக்கு வாய்த்த சிநேகிதன் ஸ்ரீரங்கத்து அழகியமணவாளன். கோயில் கைங்கரியக் குடும்பம். இவன் பேசாததையும் சேர்த்து அவன் பேசுவான். அவனுடைய அக்கா பூமாவை லண்டனில் வேலை பார்க்கும் சடகோபன் என்பவருக்குக் கொடுத்திருந்தார்கள். எழுபத்தெட்டு என்று நினைக்கிறேன், அந்த வருஷம் பூமாவின் பையன் அங்கேயிருந்து பாசுரம் சொல்லிப் பதிவு செய்து ஒரு கேசட் அனுப்பியிருந்தான். அது வந்த மறுநாளே மணவாளன் அதைக் கைக்குட்டையில் சுற்றி ஆபீசுக்கு எடுத்து வந்துவிட்டான்.

"அநியாயத்தைக் கேளேன்டா. மருமான் பாசுரம் சேவிச்சிருக்கான்னு அம்மா வீதியையே கூட்டி உட்கார வெச்சுட்டா. ஒரு பக்கம் நன்னா முடிஞ்சுது. மறுபக்கமும் சேவிச்சிருப்பான்னு திருப்பிப் போட்டா, நாலு ராட்சசன் நடுக்கூடத்துல நின்னுண்டு கத்தறான். எதிராத்து மாமா காதைப் பொத்திண்டு எழுந்து போயிட்டார்."

"தூக்கிப் போட வேண்டியதுதானே?" என்றான் தனிஸ்.

"எப்படிப் போடறது? முதல் பக்கத்துல பெருமாள் இருக்காரே! ஆத்துல வெச்சுக்கப்படாதுங்கறா அம்மா. காவேரில போட்டா பாவம். நீ வெச்சுக்கோ. உனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

அன்று சாயந்தரம் நான் சின்னம்மா வீட்டில் இருந்தேன். பர்மா பஜாரில் வாங்கிய டேப் ரெக்கார்டரில் தனிஸ் அந்த மறுபக்கத்தைப் போட்டான். தகர ஷீட்டை லாரியிலிருந்து தள்ளிவிட்டாற்போல ஒரு சத்தம், அதற்கு மேலே ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துகிறான். இரண்டு நிமிஷத்தில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வந்துவிடுகிறது. நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். தனிஸ் நகரவே இல்லை. முடிந்ததும் வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

"பார்சல் ஆபீஸ்ல நான் முழுங்குனதை எல்லாம் எவனோ லண்டன்ல துப்புறான்க்கா."

அன்றிலிருந்து அவனுக்கு அதே ஏக்கம். பழசைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஆறும் ஏக்கமும் இல்லை. இந்தப் பாட்டுக்காரர்கள் ஒரு இடத்தில் நிற்கிற ஜாதி இல்லையாம். இந்த வருஷம் சேர்ந்த கூட்டம் அடுத்த வருஷம் அடித்துக்கொண்டு பிரியும்; பிரிந்தவர்கள் ஆளுக்கொரு பெயரில் ஆளுக்கொரு பாட்டோடு வருவார்கள். எங்கள் மாமனார் வீட்டுப் பாகப்பிரிவினை மாதிரி. அதனால் புதுசாக யார் வந்தார்கள், என்ன பாடினார்கள் என்று தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். சிற்றலை ரேடியோவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு கிடப்பான். கேசட் பதிந்து தரும் கடைகளில் போய்க் கேட்பான். அவர்கள் டிஸ்கோவை எடுத்து நீட்டுவார்கள். கடைசியில் அவனுக்கு இருந்த ஒரே வழி ஸ்ரீரங்கம்தான். வைகுண்ட ஏகாதசிக்கு லண்டனிலிருந்து சடகோபன் குடும்பமோ, அவர்களுக்குத் தெரிந்தவர்களோ யாராவது வருவார்கள். வரும்போது அந்தப் பையன் அந்த வருஷத்துப் புதுசை எல்லாம் பதிந்து கொடுத்தனுப்புவான். பரமபத வாசல் எப்போது திறக்கும் என்று தனிஸைப் போலக் காத்திருந்த கிறிஸ்தவன் இந்த ஜில்லாவில் இருந்திருக்க மாட்டான்.

சின்னம்மா ஒரு நாள் கேட்டாள். "இது என்ன பாட்டுடா, இப்படி அடிச்சுக்குது?"

"பங்க்மா."

"பங்கா? எந்தப் பங்கு? நம்ம பங்கா?"

எங்களில் பங்கு என்றால் ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த சனமும். பங்குச் சாமியார், பங்குத் திருவிழா, பங்குப் பாட்டு. பங்க் என்பது அந்தக் கூச்சல் பாட்டு வகைக்கு அங்கே வைத்த பெயர் என்று சின்னம்மாவுக்குத் தெரியாது.

"இல்லம்மா. லண்டன்ல."

"லண்டன் பங்கா!" என்றாள் சின்னம்மா. அவள் முகம் பூத்துவிட்டது. தனிஸ் ஒன்றிரண்டு தரம் விளக்கப் பார்த்தான். அவன் குரலில் விளக்கினால் யாருக்கு விளங்கும்? அப்புறம், அம்மா திட்டாமல் இருக்கிறாளே என்று விட்டுவிட்டான். அவளோ சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள். "லண்டன் பங்குப் பாட்டு. நம்மள மாதிரி இழுத்துப் பாட அவங்களால முடியாது. குளிர் தேசம் பாருங்க, வாயை நிறுத்துனா உறைஞ்சிடும்."

எண்பத்திரண்டில் துறையூர்ப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. புலிவலத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சின்னக் கிராமம். அங்கே உபதேசியார் தைரியராஜ். சாமியார் இல்லாத நாளில் செபம் சொல்லி வைக்கிறவர், கோயில் சாவி அவரிடம். என் மாமனாரின் ஒன்றுவிட்ட தங்கையைக் கட்டிய குடும்பத்துக்குப் பங்காளி. ஆள் நல்லவர், ஆனால் பாட்டு விஷயத்தில் பொல்லாதவர். பெரிய மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை கோயில் வாசலில் நின்று சினிமாப் பாட்டை விசிலடித்தான் என்று, இரண்டு ஓலை வாசித்த பிறகு கல்யாணத்தை நிறுத்தியவர். ஓலை என்றால் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, "விக்கினம் இருந்தால் சொல்லுங்கள்" என்று சபையைக் கேட்பது. மூன்றாம் ஓலை தாண்டும்வரை எதுவும் நிச்சயமில்லை.

அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான். "பையன் என்ன பாட்டு கேப்பாரு?"

"பங்குப் பாட்டுதான் அண்ணே. வேற எதையும் காதுல போட்டுக்க மாட்டான்," என்றாள் சின்னம்மா. சத்தியமாக நம்பித்தான் சொன்னாள்.

"அது போதும் எனக்கு," என்றார் உபதேசியார்.

பெண் லூர்துராணி. திருச்சியில் கன்னியாஸ்திரீகள் கல்லூரியில் படித்துவிட்டு ஊரில் கோயில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்கப் போனபோது எல்லாரும் காப்பியோடு எழுந்து தோட்டம் பார்க்கப் போனோம், இருவரும் கொஞ்சம் பேசட்டும் என்று. திரும்பும்போது அவள் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"எங்க கோயில்ல எல்லாப் பாட்டையும் ஜவ்வு மாதிரி இழுப்பாங்க. நான் கொஞ்சம் வேகமா வாசிச்சா அப்பா, 'பஸ்ஸைப் புடிக்கவா போற'ன்னு திட்டுவாரு."

தனிஸ் சிரித்தான். சத்தம் வர. அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் வரும்போது, "இந்தப் பொண்ணுதான்க்கா" என்றான். அடுத்த நிமிஷமே முகம் சுருங்கிவிட்டது. "அவங்கப்பாட்ட அம்மா சொன்னது..." என்று ஆரம்பித்தான். நடத்துநர் டிக்கெட் என்று வந்தார். அத்தோடு போயிற்று.

அது கிறிஸ்துமசும் ஏகாதசியும் ஒட்டிக்கொண்டு வந்த வருஷம். தை மாதக் கடைசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. ஏகாதசிக்கு வந்த கேசட்டை மணவாளன் கொண்டுவந்து கொடுத்தான். கேட்டதும் தனிஸ் குதிக்காத குறை.

"இது புது மாதிரிடா. அடி அதே அடிதான். ஆனா உள்ள ராகம் ஓடுது பாரு. கூடவே பாடலாம் போல இருக்கு."

"புளியோதரைல சக்கரைப் பொங்கலைக் கலந்தாப்பல இருக்கு," என்றான் மணவாளன். "பேர் என்ன இதுக்கு?"

"பாப் பங்க்."

சின்னம்மா உள்ளேயிருந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "என்னடா சொன்ன? பாப்பு பங்கா? பாப்பானவர் பங்கா?"

பழைய ஆட்கள் ரோமாபுரிப் பாப்பரசரைப் பாப்பானவர் என்பார்கள். தனிஸ் வாயைத் திறந்தான். மணவாளன் அவனுக்கு முன்னால், "ஆமாம் மாமி, பெரிய இடம்" என்று சொல்லிவிட்டான், குறும்புக்கு. அவள் கேசட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மாதா படத்துக்குக் கீழே வைத்தாள்.

முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் உபதேசியார் தைரியராஜ் பாலக்கரைக்கு வந்தார். தாலி விஷயமாகப் பேச வந்தவர், கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார்.

"சம்பந்தி, மாப்பிள்ளை கேக்குற பாட்டுல ஒண்ணு குடுத்தீங்கன்னா, நாளைக்கு மூணாம் ஓலை முடிஞ்சதும் மைக்ல போட்டு நம்ம சனத்துக்குக் கேக்க வைப்பேன். மாப்பிள்ளை எப்பேர்ப்பட்டவர்னு தெரியட்டும்."

சின்னம்மா யோசிக்கவே இல்லை. மாதா படத்துக்குக் கீழேயிருந்து அதை எடுத்து வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். "லண்டன் பாட்டு வேணாம் அண்ணே. இது பாப்பானவர் பங்குலயே பாடுனது."

உபதேசியார் தலைத்துண்டை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தனிஸ் வேலை முடிந்து வந்தபோது உபதேசியார் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போயிருந்தது. சின்னம்மா சந்தோஷமாக விஷயத்தைச் சொன்னாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். நானும் அங்கே இருந்தேன். அப்போதுதான் அந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு முழுசாகச் சொன்னான்.

"அந்தக் கேசட்ல பாதிப் பாட்டு வாத்தியாரையும் போலீஸையும் திட்டுறதுதான்க்கா. அவரு கல்யாணத்தை நிறுத்திடுவாரு. நிறுத்துனாக்கூட சரி. கோயில் வாசல்ல, ஊர் முன்னாடி, அந்தப் பொண்ணு தலை குனிஞ்சு நிக்குமே."

விடியும்போது ஸ்ரீரங்கம் போய் மணவாளனை எழுப்பினான். மணவாளன் நெற்றியில் திருமண் காப்போடு தன் சித்தப்பாவின் ஸ்கூட்டரை எடுத்து வந்தான். கொள்ளிடம் பாலம் தாண்டி, டோல்கேட் தாண்டி, மண்ணச்சநல்லூருக்குப் போகும் வழியில் வண்டி இருமி நின்றுவிட்டது. பெட்ரோல் இல்லை.

"இங்க பங்க் எங்க இருக்கு?" என்று மணவாளன் வயலுக்குப் போகிறவரைக் கேட்டான்.

"எந்தப் பங்கு? நான் வேதக்காரன் இல்லீங்களே," என்றார் அவர், கிறிஸ்தவர்களைச் சொல்லும் பழைய பெயரில்.

மணவாளன் வண்டியைத் தள்ளிக்கொண்டே சொன்னான். "ஒரு பங்க் உன்னைக் கவுத்துது, ஒரு பங்க் வரமாட்டேங்கறது. நீ என்னடா மணவாளன் ஆகப்போறே, நான்தான் பேரை வெச்சுண்டு தள்ளறேன்."

தனிஸ் சிரிக்கவில்லை. பெட்ரோல் போட்டு, புலிவலம் தாண்டி, மண் ரோட்டில் திரும்பியபோதே கேட்டுவிட்டது. புங்க மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி. அந்தப் பாட்டு. பூசை முடிந்து, மூன்றாம் ஓலையும் வாசித்து, பங்குச் சாமியார் மோட்டார் சைக்கிளில் அடுத்த கோயிலுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

கோயில் வாசலில் ஊரே நின்றது. பெண்கள் தலையில் முக்காடு. ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக் கையைக் கூப்பியிருந்தார்கள். வயசான ஒருவர் முழந்தாளிட்டிருந்தார். அத்தனை பேர் பக்திக்கு நடுவிலே ஒலிபெருக்கி தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பாட்டுக்காரர்கள் "ஓ, ஓ" என்று கூடிப் பாடும் இடம் வந்ததும் முன்வரிசைப் பிள்ளைகளும் "ஓ, ஓ" என்றார்கள். யாரோ தலையில் குட்டினார்கள்.

லூர்துராணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். குவைத்திலிருந்து அவள் அண்ணன் அனுப்பிய டேப் ரெக்கார்டர் மடியில், அதற்கு முன்னால் மைக். ஒரு விரல் நிறுத்துகிற பொத்தானின் மேலேயே இருந்தது. தனிஸ் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி அவள் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"இது பங்குப் பாட்டு இல்ல," என்றான். மூச்சு வாங்கியது. "பங்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மொதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லல."

"தெரியும், தள்ளுங்க," என்றாள் அவள். "அடுத்த பாட்டு வர்றதுக்குள்ள நிறுத்தணும். அதுல போலீஸ்காரனைக் கெட்ட வார்த்தை சொல்றாங்க." பாட்டு முடிந்தது. டக்கென்று பொத்தானை அழுத்தினாள். அப்புறம்தான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நேத்து அப்பா கொண்டாந்ததும் முழுக்கக் கேட்டேன். சபையில போடுற மாதிரி இருந்தது இது ஒண்ணுதான். பஸ்ஸைத் தவற விட்டவன் பாடுறான். அதுல என்ன பாவம்?"

"உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"இருந்துச்சு, ராத்திரி. ரெண்டாம் தரம் கேட்டதும் போயிடுச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் வேகமா வாசிக்கிறேன்னு திட்டுவாரே எங்கப்பா. இவங்க முன்னாடி நான் மாட்டு வண்டி. ஆனா அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

அதற்குள் உபதேசியாரே வந்துவிட்டார். முகம் வாடியிருந்தது. "தோத்திரம் மாப்பிள்ளை. நீங்க இங்க?" என்றவர், மணவாளனின் நாமத்தைப் பார்த்து, அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல், தனிஸைக் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப் போனார். மணவாளனும் பின்னாலேயே போனான்.

"மாமா, ஒண்ணு சொல்லணும்," என்றான் தனிஸ்.

"நானும் ஒண்ணு சொல்லணும். நான் முதல்ல சொல்லிடுறேன், நெஞ்சு தாங்கல." அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "நேத்து சாயந்தரத்துலேருந்து நான் சரியாச் சாப்பிடல. அந்தப் பாட்டு எனக்குப் புடிக்கல மாப்பிள்ளை. கேக்கக் கேக்கத் தலைவலி. இத்தனை வருஷம் உபதேசியாரா இருந்துட்டு, பாப்பானவர் கோயில் பாட்டு எனக்குப் புடிக்கலைன்னா, என் விசுவாசத்துல என்னவோ கோளாறு இல்லையா? சாமியார் கிளம்புறதுக்கு முன்னாடி அவர்ட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணலாம்னு போனேன். என்னன்னு சொல்றது? வாய் வரல."

மணவாளன் பின்னாளில் இதைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் நிறுத்தி ஒரு வாய் காப்பி குடிப்பான்.

"மாமா, அது கோயில் பாட்டே இல்ல. பாப்பரசர் பாட்டும் இல்ல. பங்க்னு ஒரு வகை. லண்டன்ல வேலையில்லாத பசங்க பாடுறது. அம்மா தப்பாப் புரிஞ்சிக்கிட்டாங்க, நான் திருத்தாம விட்டுட்டேன். தப்பு என்னோடது. மூணாம் ஓலைதான் முடிஞ்சிருக்கு, தாலி கட்டல. நிறுத்துறதுன்னா இப்பவே நிறுத்திடுங்க."

அவன் வாழ்நாளில் சேர்ந்தாற்போல அத்தனை பேசியது அதுதான் முதல் தரம்.

உபதேசியார் அவனையே பார்த்தார். "சாமி பாட்டு இல்லையா?"

"இல்ல மாமா."

"நெசமாவா? மாதா மேல ஆணையா?"

"ஆணையா."

"அப்பாடா!" என்று மரத்தடியில் கட்டியிருந்த சிமெண்டு மேடையில் பொத்தென்று உட்கார்ந்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். வேர்வையைத் துடைத்தார். "வயித்துல பாலை வார்த்தீங்க மாப்பிள்ளை. என் விசுவாசத்துக்கு ஒண்ணும் ஆகல. அது வெறும் கூச்சல்!" சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "ஏய் ராணி, இங்க வா. அது வெறும் கூச்சலாம்!"

"அப்படியாப்பா?" என்றாள் லூர்துராணி, ஒன்றும் தெரியாதவள் போல.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குத் தன் கொள்கை நினைவுக்கு வந்தது. முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "ஆனா இதைப் போய்க் கேக்கலாமா?" என்றார்.

"சினிமாப் பாட்டு இல்லையே மாமா," என்றான் மணவாளன். அவனுக்கு அவர் மாமா இல்லை, ஆனாலும் சொன்னான்.

உபதேசியார் யோசித்தார். "அது சரி. சினிமாப் பாட்டு இல்ல," என்று ஒப்புக்கொண்டு, தனக்கும் சேர்த்து மூன்று பேருக்கும் இட்லி வைக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். சபையிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊரில் அதைப் பாப்பானவர் பாட்டு என்றே கடைசிவரை சொன்னார்கள். பொங்கல் விளையாட்டில் பிள்ளைகள் கயிறு இழுக்கும்போது அந்த "ஓ, ஓ"வைப் பாடினார்கள்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பூசை முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வரும்போது வாசிக்கிற பாட்டை லூர்துராணியின் சிநேகிதி ஒருத்தி ஆர்மோனியத்தில் வாசித்தாள். பெண் சொல்லிக் கொடுத்திருப்பாள் போல, நல்ல வேகம். நான் உபதேசியாரைத்தான் பார்த்தேன். அவர் கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சாமி பாட்டு சாமி பாட்டாகவே இருக்கும்வரை இனிமேல் அவருக்கு வேகத்தோடு சண்டை இல்லை.

அடுத்த ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் மணவாளன் வீட்டு வாசலில் இரண்டு பேராகக் காத்திருந்தார்கள். சத்யபாமா மாமி, அதாவது மணவாளனின் அம்மா, லூர்துராணிக்குப் பூ வைத்துவிட்டு, "நீயுமாடியம்மா?" என்றாளாம். அதற்குப் பிறகு எந்தக் கேசட் வந்தாலும் முதலில் லூர்துராணிதான் கேட்பாள். வெளியே சத்தமாகப் போடக்கூடிய பாட்டு எது, கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிற பாட்டு எது என்று பிரித்துச் சொல்வாள். அவளுக்கு அந்த ராகம் ஓடுகிற புது மாதிரிதான் பிடிக்கும். தனிஸுக்குப் பழைய கூச்சல். அதற்காக இருவரும் போட்ட சண்டையை நான் எத்தனையோ தரம் விலக்கியிருக்கிறேன்.

சின்னம்மாவிடம் யாரும் எதையும் திருத்திச் சொல்லவில்லை. எண்பத்தேழு, எண்பத்தெட்டில் அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. அந்தக் கேசட்டுகளில் வருவது மட்டும்தான் நன்றாகக் கேட்கிறது என்பாள். ஏகாதசி முடிந்த மறுநாள் நான் போயிருந்தபோது கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டாள்.

"ஏண்டா தனிஸ், பாப்பானவர் பங்குல இந்த வருஷம் புதுசா ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்திருக்கும்மா," என்றான் அவன்.

"என்னது? கேக்கல. உரக்கச் சொல்லு."

"வந்திருக்கும்மா!" என்று தனிஸ் கத்தினான். தெரு முனையில் போன பால்காரர் திரும்பிப் பார்த்தார். உள்ளே லூர்துராணி சிரிக்கிற சத்தம் கேட்டது. "நிறைய வந்திருக்கு! எல்லாம் நல்லாருக்கு!"